ஆயிரம் நொடிக்கு ஒரு தூசி

(தேசிய அறிவியல் நாளையொட்டி அருப்புக்கோட்டையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிப்ரவரி 28 வந்தால் நாடு முழுக்க சர் சி.வி. ராமனை நினைக்கிறோம். 1928-இல் ராமன் விளைவு கண்டறியப்பட்ட நாள் அது. நம்ம சீமைக்கு அதே தேதியில் இன்னொரு கணக்கும் உண்டு. 1857 பிப்ரவரி 28, நண்பகல் வேளை. இங்கிருந்து திருச்சுழி, கமுதி தாண்டித் தெற்கே போனால் பெருநாழி வருகிறது அல்லவா, அந்தப் பக்கத்தில் வானத்தில் பெருமுழக்கம் கேட்டு இரண்டு கற்கள் விழுந்தன. இரண்டும் சேர்ந்து சுமார் 77 கிலோ. பர்னாலி என்ற பெயரில் உலகத்து விண்கல் பட்டியலில் அவை ஏறின. பெரிய கல் இன்றைக்கு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சூரியக் குடும்பம் உருவான காலத்தில், சுமார் 456 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், உருகி உறைந்த சின்னச் சின்ன உருண்டைகள் அந்தக் கல்லுக்குள் இருக்கின்றன. அதிகம் வேகாமல், உருக்குலையாமல் தப்பிய கல் என்பதால் இன்றும் அதன் துணுக்குகளை வைத்து ஆராய்ச்சிக் கட்டுரைகள் வந்துகொண்டிருக்கின்றன. நம்ம கரிசலில் விழுந்த கல்லைப் பற்றி நம்ம பாடப்புத்தகத்தில் ஒரு வரி இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆனால் நான் பேச வந்தது கல்லைப் பற்றி அல்ல. கல் விழுந்தால் சத்தம் கேட்கும், ஊர் கூடும், எடை போட ஆள் வரும். வானத்திலிருந்து பூமிக்கு வரும் பொருளில் பெரும்பகுதி அப்படி வருவதில்லை. தூசியாக வருகிறது. ஒரு நாளைக்கு எவ்வளவு வருகிறது? இந்தக் கேள்விக்கு விஞ்ஞானிகள் சொல்லும் விடை 5 டன்னிலிருந்து 300 டன் வரை இருக்கிறது. எந்த முறையில் அளக்கிறோமோ அதற்குத் தக்கபடி விடையும் மாறுகிறது. நிலவுக்கு ஆள் அனுப்பி அரை நூற்றாண்டு ஆன பிறகும், தலைக்கு மேலே தினமும் கொட்டுவதன் அளவில் அறுபது மடங்கு இழுபறி. இந்த இழுபறியைத் தீர்க்க ஒரே வழி, தூசி வரும் பாதையிலேயே ஒரு சின்னக் கருவியைக் கொண்டுபோய் வைத்து எண்ணுவதுதான். அந்த வேலையை நம்ம நாடு 2024-இல் தொடங்கியிருக்கிறது. அதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல ஆசைப்படுகிறேன்.

முதலில் அந்தத் தூசி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். வால்நட்சத்திரம் சூரியனை நெருங்கும்போது அதன் பனி ஆவியாகிறது, பனிக்குள் சிக்கியிருந்த துகள்கள் வெளியே சிதறுகின்றன. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றும் குறுங்கோள்கள் ஒன்றோடொன்று மோதி நொறுங்குகின்றன. இந்த இரண்டு வகைத் தூசியும் கோள்கள் சுற்றும் தளத்திலேயே பரந்து கிடக்கிறது. இதைக் காண்பதற்குக் கருவிகூட வேண்டாம். இந்தப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், நிலவில்லாத நாளாகப் பார்த்து, திருச்சுழிக்கு வெளியே தெருவிளக்கு எட்டாத ஒரு கண்மாய்க் கரையில் நின்று மேற்கே பாருங்கள். பொழுது சாய்ந்து இருட்டு முழுதாக இறங்கியதும், அடிவானத்திலிருந்து மேலே சரிந்து எழும் மங்கலான ஒளிக் கூம்பு தெரியும். அது ஊர் வெளிச்சமும் அல்ல, மேகமும் அல்ல. கோள்களுக்கு நடுவே கிடக்கும் தூசியின் மேல் சூரிய ஒளி பட்டுத் திரும்புகிறது. ராசி ஒளி என்று அதற்குப் பெயர். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்கு அது செங்குத்தாக எழுந்து நன்றாகத் தெரியும். வடக்கே வெகுதூரத்தில் இருக்கும் ஐரோப்பியர்களுக்கு அந்த வசதி குறைவு. சென்னையில் இருப்பவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லவே இல்லை. மழை பெய்யாத வானம், வெளிச்சம் குறைந்த ஊர், இரண்டையும் குறையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். வானத்தைப் படிக்கிறவனுக்கு இரண்டுமே சொத்து.

அந்தத் தூசி பூமியின் காற்றுக்குள் நுழையும்போது நொடிக்கு 11 கிலோமீட்டரிலிருந்து 72 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில் வருகிறது. கொஞ்சம் பெரிய துகளாக இருந்தால் தரையிலிருந்து 80 முதல் 100 கிலோமீட்டர் உயரத்தில் எரிந்துபோகிறது. அதைத்தான் எரிநட்சத்திரம் என்கிறோம். எரிந்ததெல்லாம் இல்லாமல் போய்விடுவதில்லை. அதிலிருந்த சோடியமும் இரும்பும் அந்த உயரத்தில் ஓர் அடுக்காகத் தங்குகின்றன. 1963 நவம்பர் 21-ஆம் தேதி தும்பாவிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் மேலே போய்ச் செய்த வேலையும் சோடியம் ஆவியை விடுவதுதான். அந்தி வானத்தில் அந்த ஆவி எப்படி நகர்கிறது என்று பார்த்து உயரக்காற்றை அளந்தார்கள். திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1992-இல் அங்கே ஒரு ரேடார் ஏறத்தாழ அதே உயரத்துக் காற்றை அளக்கத் தொடங்கியது. நம்ம வீட்டிலிருந்து ஒரு பகல் பஸ் பயணம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போக ஆசிரியர்கள் ஏற்பாடு செய்யலாம், கட்டாயம் செய்ய வேண்டும்.

எரியாமல் தப்பும் நுண்துகள்கள் மெல்ல மெல்லத் தரைக்கு வந்து சேர்கின்றன. அண்டார்டிகாவின் நடுவே, பிரான்சும் இத்தாலியும் சேர்ந்து நடத்தும் கன்கார்டியா நிலையத்தின் அருகில், மனித வாடையே படாத பனியை உருக்கி வடிகட்டிப் பார்த்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 5,200 டன் நுண்கற்கள் தரையை எட்டுகின்றன என்று 2021-இல் கணக்குச் சொன்னார்கள். அப்படியானால் நம்ம மொட்டைமாடியிலும் விழுமே என்று ஒரு மாணவர் கேட்கலாம். விழும். நார்வேயைச் சேர்ந்த யோன் லார்சன் என்ற இசைக்கலைஞர், வீட்டுக் கூரைகளில் சேர்ந்த தூசியைக் காந்தத்தால் அரித்து, நுண்ணோக்கியில் பார்த்து, அதை நிரூபித்தே விட்டார். ஆனால் இந்த மாவட்டத்தில் அதைச் செய்வது லேசான காரியம் இல்லை. மேற்கே சிவகாசி. மத்தாப்பூவும் கம்பி மத்தாப்பும் எரியும்போது சிதறும் உலோகப் பொறிகள் குளிர்ந்து, விண்தூசி உருண்டைகளைப் போலவே அச்சு அசலாக உருண்டையாகிவிடும். வெல்டிங் பட்டறைப் பொறியும் அப்படித்தான். இதோடு பந்தல்குடிச் சுண்ணாம்புக்கல் புழுதியும், திருச்சுழிப் பக்கத்துக் கரிமூட்டப் புகையும், மில் பஞ்சும் வந்து சேரும். பொறுமையாகப் பிரித்துப் பார்க்கிற பிள்ளைக்கு அது அருமையான பயிற்சி. விண்ணிலிருந்து வரும் தூசியின் அளவைச் சொல்ல மட்டும் அது போதாது. தரையில் கலப்படம் அதிகம். மேலே போய்த்தான் ஆக வேண்டும்.

மேலே போனாலும் இப்போது இன்னொரு கலப்படம் காத்திருக்கிறது. அது நாம் போட்டது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் மதிப்பீட்டில், பூமியைச் சுற்றும் குப்பையில் 1 சென்டிமீட்டருக்கும் 10 சென்டிமீட்டருக்கும் இடைப்பட்ட துண்டுகள் சுமார் 12 லட்சம். 1 மில்லிமீட்டருக்கும் 1 சென்டிமீட்டருக்கும் இடைப்பட்டவை சுமார் 14 கோடி. 2007 ஜனவரியில் சீனா தன் பழைய வானிலைச் செயற்கைக்கோளை ஏவுகணையால் உடைத்தது. 2009 பிப்ரவரி 10 அன்று அமெரிக்காவின் இரிடியம் செயற்கைக்கோளும், செத்துப்போய்ச் சுற்றிக்கொண்டிருந்த ரஷ்யாவின் காஸ்மாஸும் சுமார் 790 கிலோமீட்டர் உயரத்தில் மோதின. இந்த இரண்டு நாட்களில் மட்டும் ஆயிரக்கணக்கான துண்டுகள் உருவாயின. பிறரை மட்டும் குறை சொல்லக்கூடாது. 2001 டிசம்பர் 19 அன்று, இரண்டு மாதத்துக்கு முன் ஏவிய நம்ம பி.எஸ்.எல்.வி. சி-3 ராக்கெட்டின் நான்காம் நிலை சுற்றுப்பாதையிலேயே வெடித்து 300-க்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறியது. தொட்டியில் மிச்சம் கிடக்கும் எரிபொருள்தான் இப்படிப்பட்ட வெடிப்புகளுக்கு வழக்கமான காரணம். அதன் பிறகு வேலை முடிந்த நிலையில் மிஞ்சிய எரிபொருளையும் வாயுவையும் வெளியேற்றிவிடும் வழக்கத்தை இஸ்ரோ கொண்டுவந்தது. அந்த நான்காம் நிலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி இன்னும் பேச வேண்டியிருக்கிறது.

சின்னத் துணுக்கு என்ன செய்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 1 மில்லிமீட்டர் அலுமினிய உருண்டை ஒன்றரை மில்லிகிராம்கூட இருக்காது. நொடிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அதன் ஆற்றல் 70 ஜூல். உருண்டை 1 சென்டிமீட்டர் ஆனால் அதே வேகத்தில் 70,000 ஜூல். 1983-இல் ஷட்டில் என்ற விண்வெளி ஓடங்களின் ஏழாவது பயணத்தில், சேலஞ்சர் ஷட்டிலின் முன் கண்ணாடியில் ஒரு குழி விழுந்தது. குழிக்குள் டைட்டானியம் இருந்தது. மோதியது 0.2 மில்லிமீட்டர் பெயின்ட் துணுக்கு என்று கண்டார்கள். கண்ணாடியையே மாற்ற வேண்டியதாயிற்று. 2016 ஆகஸ்ட் 23 அன்று ஐரோப்பாவின் சென்டினல்-1ஏ செயற்கைக்கோளின் சூரியத் தகட்டில் சில மில்லிமீட்டர் அளவுள்ள ஏதோ ஒன்று மோதி, 40 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சேதம் செய்தது. 2022 மே மாதத்தில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் கண்ணாடி ஒன்றில் விண்தூசி மோதி, எதிர்பார்த்ததைவிடப் பெரிய வடுவை விட்டுப்போனது. சென்டினலை அடித்தது விண்தூசியா, மனிதக் குப்பையா என்று முடிவாகச் சொல்ல முடியவில்லை. அடிபட்ட பிறகும் அடித்தது யார் என்று தெரியாத நிலைமை இது.

ஏன் தெரியவில்லை? சுற்றுப்பாதைப் பொருள்களைத் தரையிலிருந்து பின்தொடரும் ரேடார்கள் 10 சென்டிமீட்டர் அளவுள்ளதை ஒவ்வொன்றாக அடையாளம் வைத்துக் கணக்குப் பார்க்கின்றன. மிகப் பெரிய ஆராய்ச்சி ரேடார்கள் சில மில்லிமீட்டர் வரை இறங்கி, ஒரு நேரத்தில் எத்தனை கடந்தன என்று எண்ணிச் சொல்லும். அதற்குக் கீழே ரேடார் குருடு. விண்கலத்துக்கு ஆபத்து அதிகம் வருவது அந்தக் குருட்டு அளவிலிருந்துதான், ஏனென்றால் எண்ணிக்கை அங்கேதான் கோடிக்கணக்கில் இருக்கிறது. நாசா 1984-இல் மேலே விட்டு 1990-இல் திரும்பக் கொண்டுவந்த ஒரு பெரிய உருளைக் கலம், மேற்பரப்பெல்லாம் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வடுக்களோடு இறங்கியது. ஷட்டில்கள் ஒவ்வொரு முறை திரும்பியபோதும் கண்ணாடியில் குழிகளை எண்ணினார்கள். 2011-இல் ஷட்டில் நின்றது. அதோடு அந்தக் கணக்குப் புத்தகமும் பெரும்பாலும் மூடிக்கொண்டது. 2018 ஜனவரியில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் நாசா பொருத்திய குப்பை உணர்கருவி 26 நாளில் செயலிழந்துவிட்டது.

தாலுகா அலுவலகத்து மழைமானியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் வாய் ஒரு சாண் அகலம்கூட இருக்காது. அந்த ஒரு சாண் வாயில் விழுந்த நீரை அளந்துதான் ஒரு தாலுகாவுக்கே மழை இத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுகிறோம், வறட்சி நிவாரணம் வரை அந்த எண்தான் முடிவு செய்கிறது. தூசி அளக்கும் கருவியும் அந்த வகைதான். வாய் சின்னது, ஆனால் சரியான இடத்தில், சரியாக அளவிட்டு வைத்தால் பெரும்பரப்புக்கு விடை சொல்லும். மழைமானிக்கு உள்ள குறை இதற்கும் உண்டு. கரிசல் காட்டில் ஒரு கண்மாய்க்கு மழை கொட்டும், அடுத்த கண்மாய்க்கு வெறும் காற்றுதான் வரும். ஒரு மானி போதாது.

சரியாக அளவிடுவது என்று சொன்னேனே, அதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். விண்வெளி யுகத்தின் தொடக்கத்தில், 1950-களின் கடைசியில், செயற்கைக்கோள்களில் சின்ன ஒலிவாங்கிகளைப் பொருத்தி, தூசி வந்து தட்டும் ஒலியை எண்ணினார்கள். எண்ணிக்கை மலையாகக் குவிந்தது. பூமியைச் சுற்றி அடர்ந்த தூசி மண்டலம் இருக்கிறது என்று பெரிய பெரிய விஞ்ஞானிகள் எழுதினார்கள். 1966-இல் நில்சன் என்பவர் சயின்ஸ் இதழில் ஒரு சந்தேகத்தை வைத்தார். செயற்கைக்கோள் வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிப் போகும்போது, சூடும் குளிரும் பட்டு, உணர்படிகம் தானாகவே சத்தம் போடும் என்று ஆய்வுக்கூடத்தில் காட்டினார். தூசி மண்டலம் மறைந்தது. அவ்வளவு நாளும் எண்ணியதில் பெரும்பகுதி கருவியின் சொந்த முனகல். விண்தூசியை அளக்கப் புறப்படும் எவரும் முதலில் படிக்க வேண்டிய பாடம் இது என்பது என் கருத்து.

இப்போது நம்ம கதைக்கு வருவோம். 2024 ஜனவரி 1, காலை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-58, எக்ஸ்-கதிர் ஆராயும் எக்ஸ்போசாட் செயற்கைக்கோளை 650 கிலோமீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விட்டது. வேலை முடிந்த நான்காம் நிலை வழக்கமாக அங்கேயே குப்பையாகக் கிடக்கும். இந்த முறை அதை மீண்டும் எரியவிட்டு 350 கிலோமீட்டருக்கு இறக்கினார்கள். மிச்ச எரிபொருளை வெளியேற்றினார்கள். அந்தத் தொட்டியைச் சுற்றிச் சூரியத் தகடு, மேலே ஒன்பது ஆய்வுக் கருவிகள். போயம்-3 என்று பெயர். 2001-இல் வெடித்துச் சிதறிய அதே வகை நான்காம் நிலை, 22 ஆண்டுக்குப் பிறகு ஓர் ஆய்வுக்கூடமாக மாறி நின்றது. அந்த ஒன்பதில் ஒன்று, அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடம் செய்த டெக்ஸ் என்ற தூசி ஆய்வுக் கருவி. கோள்களுக்கு இடைப்பட்ட தூசியை எண்ண இந்தியா செய்து அனுப்பிய முதல் கருவி அதுதான். எடை 3 கிலோ. தின்னும் மின்சாரம் 4.5 வாட், நம்ம வீட்டு இரவு விளக்கு அளவு. பார்வைப் புலம் 140 பாகை.

இந்த வகைக் கருவி எப்படி வேலை செய்கிறது? ஓர் உலோகத் தகடு, அதன் முன்னால் மின்னழுத்தம் கொடுத்த வலைகள், பின்னால் மிக நுட்பமான மின்பெருக்கி. உலோகத்துக்குள் ஒலி நொடிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் வேகத்தில்தான் ஓடும். வரும் தூசியோ அதைவிடப் பல மடங்கு வேகம். அடிபட்ட சேதி உலோகத்துக்குள் பரவுவதற்குள் துகள் உள்ளே நுழைந்துவிடுகிறது. வளைவதற்கோ நசுங்குவதற்கோ நேரம் கிடையாது. துகளும், தகட்டில் அது தொட்ட இடமும் ஒரு கணத்தில் ஆவியாகி, அந்த ஆவியில் எலெக்ட்ரான்களும் அயனிகளும் தனித்தனியாகப் பிரிகின்றன. வலைகளின் மின்னழுத்தம் அவற்றை ஆளுக்கொரு பக்கமாக இழுக்க, ஒரு குட்டி மின்துடிப்பு கிடைக்கிறது. துடிப்பு எவ்வளவு உயரம், எவ்வளவு சீக்கிரம் எழுந்தது என்பதை வைத்து நிறையையும் வேகத்தையும் கணக்கிடலாம். வேகம் சற்றுக் கூடினாலும் மின்னூட்டம் வெகுவாகக் கூடும், ஏறத்தாழ வேகத்தின் மூன்றரை அடுக்குப் போல. ஆகையால் ஒரு மைக்ரான் துகளும் வேகத்தோடு வந்தால் தன்னைக் காட்டிக்கொண்டுவிடும். வெயிலும், சுற்றியிருக்கும் மின்துகள்களும், ராக்கெட் நிலையின் சொந்த அசைவுகளும் பொய்த் துடிப்புகளைத் தரும். நில்சன் சொன்ன பாடம் இங்கேயும் பொருந்தும். துடிப்பு எழுந்த விதத்தைப் பார்த்து, பொய்யையும் மெய்யையும் பிரிப்பதில்தான் ஆராய்ச்சியாளரின் உழைப்பு முழுக்கப் போகிறது.

டெக்ஸ் ஜனவரி 1 முதல் பிப்ரவரி 9 வரை அளந்தது. கிடைத்த விடை, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நொடியில் 0.0065 துகள். கருவியின் சின்ன வாய்க்கு அது ஏறத்தாழ ஆயிரம் நொடிக்கு ஒரு மோதல். இந்த எண்ணைத் தம்பி தங்கைகள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டர் தகடு வைத்தால் இரண்டரை நிமிடத்துக்கு ஒன்று. நூறு சதுர மீட்டர் மொட்டைமாடியை அந்த உயரத்தில் விரித்தால் மூன்று நொடிக்கு இரண்டு. ககன்யானில் நம்மவர்கள் சுற்றப்போவது ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரம். அவர்கள் கலத்தின் ஜன்னலை எவ்வளவு தடிப்பாகச் செய்ய வேண்டும் என்று கேட்டால், இதுவரை பிற நாட்டார் எழுதிய மாதிரிக் கணக்கைத்தான் நம்ப வேண்டியிருந்தது. இப்போது நாமே எடுத்த ஓர் அளவு கையில் இருக்கிறது. ஓர் அளவுதான். நாற்பது நாள், ஒரே உயரம், ஒரே சாய்வு. ஆனால் சொந்த அளவு.

2024 மார்ச் 21 அன்று போயம்-3 காற்றுக்குள் இறங்கி, வட பசிபிக்கில் விழுந்தது. சுற்றுப்பாதையில் அதன் துணுக்கு ஒன்றுகூட மிச்சமில்லை என்று இஸ்ரோ அறிவித்தது. அடுத்த மாதமே பெங்களூரில் நடந்த பன்னாட்டுக் குப்பைக் கட்டுப்பாட்டுக் கூட்டத்தில், 2030-க்குள் இந்தியாவின் எல்லாப் பயணங்களையும் குப்பையில்லாமல் செய்வோம் என்று இஸ்ரோவின் அன்றைய தலைவர் சோம்நாத் சொன்னார். நான் இதை மனதார வரவேற்கிறேன். கூடவே ஒன்றையும் சொல்ல வேண்டும். எரிந்து விழும் ராக்கெட்டின் அலுமினியம் உயரக்காற்றில் தங்குகிறது. 2023-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் விமானத்தில் போய் அளந்தபோது, பூமியின் மேல்காற்றில் உள்ள கந்தக அமிலத் துகள்களில் பத்தில் ஒரு பங்கில் விண்கலங்களின் உலோகம் இருந்தது. குப்பையைக் கீழே இறக்குவது சரி. இறக்கியதும் கணக்கு முடிந்துவிடவில்லை.

இனி வருவதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கும் பகுதி. 350 கிலோமீட்டரில் காற்று இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அங்கே போகிற குப்பை சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ இழுத்து வீழ்த்தப்படும். ஆகையால் அது ஓரளவு சுத்தமான வீதி, விண்தூசியை அளக்க நல்ல இடம். மனிதக் குப்பை மண்டிக் கிடப்பது 700 முதல் 1,000 கிலோமீட்டர் வரை. நம்ம தொலையுணர்வுச் செயற்கைக்கோள்கள் பலவும் அதை ஒட்டித்தான் சுற்றுகின்றன. மில்லிமீட்டர் குப்பையின் நேரடி அளவு அங்கேதான் அவசரமாக வேண்டும், அங்கேதான் ஏறத்தாழ இல்லவும் இல்லை. ஏன் போய் அளக்கக் கூடாது? 800 கிலோமீட்டரில் ஒரு ராக்கெட் நிலையையோ கையடக்கச் செயற்கைக்கோளையோ விட்டுவிட்டால் அது நூறாண்டுக்கு மேல் அங்கேயே சுற்றும். குப்பையை எண்ணப் போனதே குப்பையாகிவிடும். அமெரிக்க விதி, வேலை முடிந்து ஐந்தாண்டில் இறங்கிவிட வேண்டும் என்கிறது. எனவே அந்த வீதிக்குப் போகும் தூசிக் கருவி தன்னைத் தானே இறக்கிக்கொள்ளும் இயந்திரத்தோடோ, விரியும் பாயோடோ போக வேண்டும். இல்லையென்றால் இறங்கும் வழி தங்களிடமே உள்ள பெரிய செயற்கைக்கோள்களில் சவாரி போக வேண்டும். எனக்கு இரண்டாவது வழிதான் உகந்ததாகப் படுகிறது. 3 கிலோ, 4.5 வாட் என்பது எந்தப் பெரிய செயற்கைக்கோளும் பொறுத்துக்கொள்ளக்கூடிய பாரம். குறைந்தபட்சம் 700 கிலோமீட்டருக்கு மேல் போகும் நம்ம செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் ஒரு தூசி எண்ணியைச் சுமந்தே போக வேண்டும் என்று விதி வந்தால், பத்தாண்டில் இந்தியாவிடம் வேறு எந்த நாட்டிடமும் இல்லாத ஒரு கணக்கு இருக்கும்.

வெள்ளிக்கோளுக்குப் போகவிருக்கும் நம்ம விண்கலத்திலும் தூசி ஆய்வுக் கருவி ஒன்று இடம்பெறுகிறது. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பயணம் அது. அந்தக் கருவியைச் செய்யப்போவது பெரிய ஆய்வுக்கூடம். இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், ஒரு உதாரணம் சொல்கிறேன். 2006-இல் புளூட்டோவுக்குக் கிளம்பிய நியூ ஹொரைசன்ஸ் விண்கலத்தில் ஒரு தூசி எண்ணி இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக மாணவர்கள் வடிவமைத்துச் செய்தது. மெல்லிய பிளாஸ்டிக் படலம், இரண்டு பக்கமும் உலோகப் பூச்சு. படலத்துக்குள் மின்னூட்டம் நிரந்தரமாக ஒரே திசையில் அடுக்கப்பட்டிருக்கும். துகள் துளைத்த இடத்தில் அந்த அடுக்கு கலைய, ஒரு துடிப்பு வரும். மின்னழுத்தம் வேண்டாம், ஓடும் பாகம் எதுவும் இல்லை. இன்று அது புளூட்டோவைத் தாண்டி வெகுதூரம் போய், இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறது.

அந்தப் படலம் ஒன்றும் கிடைக்காத சரக்கு அல்ல. எங்கோ கண்ணுக்கெட்டாத இடத்தில் உள்ள திறமையும் அல்ல. மின்னணுவியல் படிக்கிற மாணவர்களும் இயற்பியல் படிக்கிற மாணவர்களும் சேர்ந்தால் ஒரு துடிப்புப் பெருக்கியை இந்த ஊரிலேயே கட்டலாம். முதலில் கீழே விழும் மணலைக் கொண்டு, பிறகு லேசர் துடிப்பைக் கொண்டு சோதிக்கலாம். வெயிலிலும் நிழலிலும் மாற்றி வைத்து, எந்தத் துடிப்பு பொய் என்று பழகலாம். நல்ல அளவீட்டுக்கு, துகள்களை உண்மையான வேகத்தில் எய்யும் பெரிய முடுக்கி தேவைப்படும். ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் 20 லட்சம் வோல்ட்டில் அதற்கென ஒன்று வைத்திருந்தார்கள். நம்ம நாட்டில் அதற்கு இணையான ஒன்றைத் தென்தமிழகத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் அமைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் கோரிக்கை. செலவு இருக்கும். ஒரு செயற்கைக்கோள் குப்பையால் செத்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

ஏறிப் போக மேடை இருக்கிறதா? இருக்கிறது. 2024 டிசம்பர் 30 அன்று பறந்த போயம்-4 மேடையில் 24 கருவிகள் போயின, அவற்றில் கல்லூரிகள் செய்தவையும் புதிய நிறுவனங்கள் செய்தவையும் இருந்தன. தனியாருக்கும் கல்வி நிலையங்களுக்கும் அந்த வாசலைத் திறந்துவிட, அகமதாபாத்தில் இன்ஸ்பேஸ் என்ற அரசு அமைப்பு இருக்கிறது. தெற்கே குலசேகரன்பட்டினத்தில் சிறிய ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு 2024-இல் இதே பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். இலங்கையைச் சுற்றிப் போகும் அவசியமில்லாமல் நேரே தெற்கே துருவப் பாதைக்கு ஏறும் வசதி அந்த இடத்துக்கு உண்டு. அருப்புக்கோட்டையிலிருந்து அது நாலைந்து மணி நேரப் பயணம்.

நம்ம மாணவர்கள் ஒரு கருவிக்கு விண்ணப்பம் எழுதினால் என்ன கேள்வியை முன்வைக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். டெக்ஸ் ஓடியது ஜனவரியிலும் பிப்ரவரியின் முதல் ஒன்பது நாளிலும். ஆண்டின் பெரிய எரிநட்சத்திர மழையான ஜெமினிட் டிசம்பர் 14-ஐ ஒட்டி வருகிறது. பேதான் என்ற குறுங்கோள் விட்டுப்போன தூசி அது. பெர்சியிட் ஆகஸ்டில் வருகிறது. இந்த மழைக் காலங்களில் கண்ணுக்குத் தெரியும் பெரிய துகள்கள் கூடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத மைக்ரான் தூசியும் அதே அளவில் கூடுகிறதா? ஓராண்டு முழுக்க ஒரே கருவி ஓடினால்தான் இதற்கு விடை சொல்ல முடியும். விண்தூசி இந்தக் காலங்களில் ஏறி இறங்கக்கூடும், மனிதக் குப்பை அப்படி ஏறி இறங்காது. ஆகையால் இரண்டையும் பிரிக்க அதுவே ஒரு வழியாகும். பன்னிரண்டு மாதம் ஓடக்கூடிய, இரண்டு படலங்களை ஒன்றன் பின் ஒன்றாக வைத்து வேகத்தையும் தனியே அளக்கும், 2 கிலோவுக்குள் அடங்கும் ஒரு கருவி இதற்குப் போதும். படலங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை, கடக்க எடுத்த நேரத்தால் வகுத்தால் வேகம். நொடிக்கு 16 கிலோமீட்டருக்கு மேல் வந்தால் அது பூமியை வட்டப் பாதையில் சுற்றும் குப்பையாக இருக்க முடியாது. இந்தக் கணக்கு பிளஸ் ஒன் பாடத்தில் இருக்கிறது. விண்ணப்பத்தை எழுத முன்வரும் மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் இங்கேயே இருங்கள். படலம் ஒன்றையும் பெருக்கியின் வரைபடத்தையும் கொண்டுவந்திருக்கிறேன், உட்கார்ந்து பேசலாம்.